கலைச்சொல் விவாதம்: வெப்பத்தாக்கு விட்டுச்செல்லும் நரம்புக் கேட்டுக்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். ஹீட் ஸ்ட்ரோக் என்ற நோய்க்கும், அது மூளையிலும் நரம்புகளிலும் விட்டுச்செல்லும் கேட்டுக்கும் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் விவாதத்தில் வந்த யோசனைகளை மேற்கோளாக எடுத்து, என் கருத்தைச் சொல்கிறேன்.

> ஹீட் ஸ்ட்ரோக்கை ‘வெப்பவாதம்’ என்போம். அதனால் வரும் கேட்டை ‘வெப்பவாத மூளைநோய்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை ஏற்க மனம் வரவில்லை. வாதம் என்றதும் பக்கவாதம்தான் நினைவுக்கு வரும். அதில் மூளையின் இரத்தக்குழாய் அடைபடும் அல்லது வெடிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கக் கைகால் செயலிழக்கும். இங்கே நடப்பது வேறு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டி, மூளை முழுவதுமே தடுமாறுகிறது. பெயரை நம்பி, கைகால் இழுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால், அந்த ஆள் உளறுவதும் காரணமில்லாமல் எரிந்து விழுவதும் கண்ணில் படாமல் போகும். உடலைக் குளிர்விக்க வேண்டிய முதல் அரைமணி நேரம் வீணாகிவிடும். இந்த நோயில் உயிரையும் மூளையையும் காப்பது அந்த அரைமணிதான்.

‘வெப்பத்தாக்கம்’ பரவாயில்லை. ஆனால் பயிர், கட்டடம், பொருளாதாரம் என்று எதன்மேல் வெயிலின் விளைவைச் சொன்னாலும் ‘தாக்கம்’ என்றுதான் எழுதுகிறோம். நோயின் பெயராக ‘வெப்பத்தாக்கு’ இன்னும் இறுக்கமாக நிற்கிறது. கீழே அதையே பயன்படுத்துகிறேன்.

> ‘கடுங்காய்ச்சல் மூளைச்சேதம்’ என்றால் எல்லோருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் தவறாகப் புரியும். காய்ச்சலில், உடல்வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதியான ஹைப்போதலாமஸ் தானே வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது. வெப்பத்தாக்கில் அந்த அளவு மாறுவதில்லை. சேர்ந்த வெப்பத்தை உடலால் வெளியேற்ற முடியவில்லை, அவ்வளவுதான். அதனால் பாராசிட்டமால் இங்கே வேலை செய்யாது. ஏற்கெனவே அடிபட்டிருக்கும் கல்லீரலுக்கு அது கூடுதல் சுமையும்கூட. காய்ச்சல் என்று பெயர் வைத்தால் மாத்திரை தேடத்தான் ஓடுவார்கள். தேவை உடலைக் குளிர்விக்கத் தண்ணீரும் பனிக்கட்டியும்.

சரி, மூளைக்கு நேரும் கேட்டுக்கு வருவோம். இதில் இரண்டு கட்டங்கள் உண்டு என்பதைச் சொல்லிலேயே காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

முதல் கட்டம் குழப்பம், வலிப்பு, சுயநினைவிழப்பு. சூட்டில் செல்களின் புரதங்கள் வடிவம் குலைகின்றன. குடலின் சுவர் கசிந்து நுண்ணுயிர் நச்சுகள் இரத்தத்தில் கலக்கின்றன. உடல் முழுவதும் அழற்சி மூள்கிறது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு தளர்ந்து மூளை வீங்குகிறது. விரைந்து குளிர்வித்தால் பலர் முழுமையாக மீள்கிறார்கள். மீளக்கூடிய இந்த நிலையைச் ‘சேதம்’ என்பது நோயாளியின் வீட்டாரை வீணாகக் கலங்கடிக்கும். ‘வெப்ப மூளைத்தடுமாற்றம்’ போதும்.

இரண்டாம் கட்டம்தான் பெயரில்லாமல் கிடக்கிறது. உடலசைவுகளை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையில் பர்கின்ஜி செல்கள் என்று பெரிய நரம்புச் செல்கள் உண்டு. செக் அறிஞர் பர்கின்ஜி 1837இல் விவரித்தவை. மூளையில் வெப்பத்தை மிகக் குறைவாகத் தாங்குபவை இவைதாம். இறந்தால் திரும்ப முளைப்பதில்லை. கண்விழித்த ஒருவருக்கு நினைவு தெளிவாக இருக்கலாம், ஆட்களையும் அடையாளம் தெரியலாம். ஆனால் நடை தள்ளாடும், சொற்கள் இழுபடும், பொருளை எட்டி எடுக்கப் போனால் கை நடுங்கும். சில மாதம் கழித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் சிறுமூளை சுருங்கியிருப்பது தெரியவரலாம். குடிபோதை என்று பிறர் நினைத்துவிடும் இந்த நடைக்கு மருத்துவப் பெயர் ஒன்று கையில் இருப்பது அவருக்குப் பெரிய உதவி. எனக்கு இந்தச் சொல்மேல் இவ்வளவு அக்கறை அதனால்தான்.

> ‘வெப்ப நரம்புச்சிதைவு’ எனலாமா?

சிதைவு என்பது மேலும் மேலும் கெட்டுக்கொண்டே போகும் நோய்களுக்கு வழங்கும் சொல். அல்சைமர், பார்க்கின்சன் போன்றவை. இங்கே கேடு பெரும்பாலும் அந்த ஒரு தாக்குதலோடும் அடுத்த சில வாரங்களோடும் நின்றுவிடுகிறது. மிச்சம் இருப்பதை வைத்துப் பயிற்சியால் நடையும் பேச்சும் ஓரளவு தேறலாம். ‘சிதைவு’ அந்த நம்பிக்கையை எடுத்துவிடுகிறது.

என் பரிந்துரை ‘வெப்ப நரம்புவடு’. வடு என்றால் தாக்கியது போய்விட்டது, அடையாளம் தங்கிவிட்டது என்று பொருள் தானே வந்துவிடும். மூளை என்று குறுக்காமல் நரம்பு என்று வைத்ததற்கும் காரணம் உண்டு: சிலருக்குக் கைகால் நரம்புகளும் கெடுகின்றன. சிறுமூளையை மட்டும் குறிக்க ‘வெப்பச் சிறுமூளைவடு’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

எழுதிப் பார்த்தேன்: ‘நோயாளி வெப்பத்தாக்கிலிருந்து மீண்டார், வெப்ப நரம்புவடுவால் நடைத்தள்ளாட்டம் நீடிக்கிறது.’ படிக்கத் தடையில்லை.

ஒரு சிக்கல் பாக்கி. தோல் தழும்பையும் வடு என்போம். நரம்புத் திசுவில் உண்டாகும் தழும்புக்கும் சிலர் ‘நரம்புவடு’ என்று எழுதக்கூடும். முன்னால் ‘வெப்ப’ இருப்பதே குழப்பத்தைத் தவிர்க்கப் போதுமா, அல்லது ‘எச்சம்’ சேர்த்து ‘வெப்ப நரம்பெச்சம்’ ஆக்கலாமா? நரம்பியல் படித்த நண்பர்கள் இதைச் சொன்னால் நல்லது.