புதுப்பிப்பு: எங்கள் குடியிருப்பின் கழிவுநீர் நிலையத்தில் நுண்சல்லடை

ஈரத்துடைப்பான்களும் தலைமுடியும் பம்புகளை அடைக்கின்றன, பழைய 20 மி.மீ. கம்பிச் சல்லடைக்குப் பதில் எதைப் போடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். 3 மி.மீ. வட்டத் துளையுள்ள சுழலும் டிரம் சல்லடையைப் பொருத்திவிட்டோம். பம்பு அடைப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. எங்கள் ஊழியர் இனி குழிக்குள் கையை விட்டுக் குப்பையை வார வேண்டியதில்லை. எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய நிம்மதி அதுதான்.

நீள்பிளவுச் சல்லடை வேண்டாம் என்று எச்சரித்தவர்களுக்கு நன்றி. முடியும் நூலும் பிளவின் நீளவாக்கில் நழுவிப்போய், காற்றூட்டும் தொட்டியில் கயிறாகத் திரிந்துகொள்ளும். வட்டத் துளையில் அது மிகவும் குறைவு. சவ்வு வடிகட்டி (மிக நுண்ணிய துளைகளுள்ள சவ்வால் நீரை வடிப்பது) வைத்திருப்பவர்களுக்குப் பல வேளை இதுவும் போதாது. பெரும்பாலும் 1 முதல் 2 மி.மீ. துளை வேண்டும்.

புதிய தலைவலி சமையலறை எண்ணெய். துளைகளில் படிந்து நீரை மேலேற்றி வழியவிடுகிறது. குளிர்ந்த நீர்த் தெளிப்புக்கு அது அசையவில்லை, வெந்நீருக்குத்தான் விட்டது. எண்ணெய்ப் பிரிப்புத் தொட்டியை ஒழுங்காகத் துப்புரவு செய்வதே சரியான மருந்து. மின்சாரம் போனால் காப்பாக, மாற்று வாய்க்காலில் பழைய கம்பிச் சல்லடை இருக்கிறது.

சல்லடையில் சேரும் கழிவில் மலம் ஒட்டியிருப்பதால் நாற்றம் கடுமை. கழுவிப் பிழியும் திருகு இயந்திரத்துக்கு விலை கேட்டிருக்கிறேன். சிறிய நிலையத்தில் அதைப் பயன்படுத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.