பேச்சிப்பாறைக்கு மேலே: கருவி கொடுப்பதா, ஓட்டும் செலவைக் கொடுப்பதா?

திருவட்டார்_தெற்கு
லயன்ஸ், ரோட்டரி மாதிரி ஒரு சங்கத்திடம் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வையுங்கள். குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் தோட்டமலை போன்ற காணிப் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு என்ன செய்யலாம்? என்னைக் கேட்டால், காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கான்சன்ட்ரேட்டரும் இன்வெர்ட்டரும். சிலிண்டரைப் படகில் ஏற்றி இறக்கும் பாடு இல்லை.

மலையோரச்_செவிலி
அண்ணாச்சி, அது சுமார் 350 வாட் இழுக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று 3 மணி நேரம் தாங்கினாலே பெரிது. நமக்கோ இரண்டு பருவமழை. உள்ளே காற்றின் நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் ஜியோலைட் என்ற தாது மணிகள் ஈரம் குடித்துவிட்டால் அதைப் பிடிக்காது. காற்று வந்துகொண்டுதான் இருக்கும், ஆக்சிஜன் மட்டும் 93 சதவீதத்திலிருந்து 82-க்குக் கீழே போய்விடும். ஓட்டாமல் மூலையில் வைத்த கருவிக்கும் இதே கதி. வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டணும். யார் செய்வார்?

திருவட்டார்_தெற்கு
ஆள் போடுவது அரசின் வேலை. சங்கங்களில் ஜூலை 1 அன்று தலைவர் மாறிவிடுகிறார். போன வருடத் திட்டத்தின் பெட்ரோல் பில்லைப் புதியவர் கட்டுவாரா? ஒரே தடவையில் கொடுத்து முடிகிற பொருள்தான் ஒத்துவரும்.

மலையோரச்_செவிலி
அதனால்தான் 3 வருடப் பராமரிப்புப் பணத்தை வாங்கும் அன்றே கட்டிவிடணும் என்கிறேன். சுகாதார நிலையத்தின் ஸ்டாக் ரிஜிஸ்டரிலும் ஏற்றணும். ஏறாத கருவி பழுதானால் யாரும் தொடமாட்டார்கள்.

ரப்பர்க்காடு
ரப்பர் பால் வெட்டப் போறவங்களுக்குப் பயமே பாம்புதான். விஷமுறிவு மருந்தை வாங்கி அங்கேயே வைக்கலாமே?

மலையோரச்_செவிலி
கூடவே கூடாது தம்பி. ஆரம்ப டோஸே 8 முதல் 10 குப்பி. ஏற்றும்போதே ஒவ்வாமையில் ரத்த அழுத்தம் விழலாம். அட்ரினலினோடு டாக்டர் பக்கத்தில் நிற்கணும். அதோடு அந்த மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும்தான். மேற்குமலைச் சருகில் கிடக்கும் மூக்கு தூக்கிய குழிவிரியனுக்கு அது கேட்காது.

கடிபட்ட கால் அசையாதபடி சிம்பு (பட்டைக் கட்டை) வைத்துக் கட்டி, கயிறு போட்டு இறுக்காமல், படுத்தபடியே படகில் கொண்டுவரணும். இக்கரைக்கு 108-ஐ முன்னமே வரச் சொல்லணும். ஆக, மடக்கு ஸ்ட்ரெச்சர், சிம்பு, லைஃப் ஜாக்கெட், படகின் பின்னால் மாட்டும் சின்ன அவுட்போர்டு எஞ்சின். டாக்டர் இருக்கும் சுகாதார நிலையத்துக்குச் சுத்தமான, காய்ந்த கண்ணாடி டெஸ்ட் ட்யூப். அதில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்தால், உறைந்ததா என்று தெரிந்துவிடும்; உறையாவிட்டால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக்கிலோ சோப்புத்தூளில் கழுவிய ட்யூபிலோ வைத்தால் முடிவு தப்பாகும்.

ரப்பர்க்காடு
எஞ்சினும் கருவிதானே அக்கா? கோடையில் தண்ணி இறங்கினா படகுத்துறை சேறு. சேற்றை உறிஞ்சினா, எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணி இழுக்கிற இம்பெல்லர் தேயும், கூலிங் வழி அடைக்கும். 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கியர் ஆயில் மாத்தணும்.

திருவட்டார்_தெற்கு
அப்படியானால் 40 ஆயிரத்தைப் பெட்ரோலுக்கும் சர்வீஸுக்கும் பிரித்து, நிலையத்தின் நோயாளர் நலச் சங்கக் கணக்கில் போடட்டும். எஞ்சின் ஓட்டத் தெரிந்த காணி இளைஞர் இருவரின் போன் எண் படகுத்துறையில் எழுதியிருக்கணும். இதற்குச் சம்மதம். ஆனால் கான்சன்ட்ரேட்டரை நான் விடவில்லை. காற்றும் மழையுமாய்ப் படகே விடமுடியாத ராத்திரிக்கு என்ன வழி?

மலையோரச்_செவிலி
அந்த ராத்திரியில் கரண்டும் இருக்காதே அண்ணாச்சி. பி வகை சிலிண்டரில் 1500 லிட்டர் உண்டு. நிமிடத்துக்கு 5 லிட்டர் விட்டால் 5 மணி நேரம். மழைக்கு முன்பே இரண்டை நிரப்பி அக்கரைக்கு ஏற்றிவிடலாம். ரெகுலேட்டரோடு சாவியையும் வாங்கி, சிலிண்டர் கழுத்திலேயே சங்கிலி போட்டுக் கட்டச் சொல்லுங்கள். சாவி தொலைந்தால் வால்வைத் திறக்கமுடியாது.