உதவி தேவை: வீட்டுக்கே போய் கார் கழுவற வண்டி, கொழிஞ்சாம்பாறை பக்கம் வெயில் காலத்துல தண்ணி எங்க புடிக்கறது?

பாறை வாஷ்
வணக்கம்ங்க. நமக்கு பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை, கேரளா தமிழ்நாடு பார்டர் பக்கம். டாடா ஏஸ்ல 500 லிட்டர் சின்டெக்ஸ், ஜெனரேட்டர், பிரஷர் வாஷர் வெச்சு வீட்டுக்கே போய் கார் கழுவறேன், சோலார் பேனலும் கழுவி குடுக்கறேன். ஒரு பக்கம் சித்தூர் தத்தமங்கலம், இந்தப் பக்கம் கோபாலபுரம் தாண்டி பொள்ளாச்சி வரைக்கும் ஓடுது. மழைக்காலத்துல சமாளிச்சுக்கறேன், மாசி பொறந்துட்டா வீட்டு போர் காலைல ஒருக்கா ஓடுனா அவ்வளவுதான், டேங்கர் தண்ணி வாங்குனா கூலியே நிக்கறதில்ல. வழில பங்க்ல கேட்டா ஒருத்தர் விடறாரு ஒருத்தர் விரட்டறாரு, பஞ்சாயத்து குழாய்கிட்ட வண்டிய நிறுத்துனாலே ஊர்க்காரங்க சண்டைக்கு வந்தர்றாங்க. கிடைக்கறதும் உப்புத் தண்ணி, கருப்பு கார் காஞ்சதும் திட்டுத் திட்டா வெள்ளை, கஸ்டமர் போட்டோ எடுத்து அனுப்பறாரு. 1000 லிட்டர் தொட்டியா மாத்திடலாமா? கனால்ல தண்ணி வர்றப்ப சின்ன மோட்டார் இறக்கி புடிச்சுக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பொள்ளாச்சி டீடெயிலர்
1000 லிட்டர் வேண்டவே வேண்டாங்க. தண்ணி மட்டுமே ஒரு டன்னு, ஏஸ் தாங்கறது முக்கா டன்னு பக்கம்தான், அதுல ஜெனரேட்டர் மெஷின் ஆளுக வேற. பாதி தொட்டியோட வளைவுல திரும்புனா தண்ணி ஒரு பக்கமா அடிக்கும் பாருங்க, அப்பத் தெரியும். இப்ப இருக்கற 500ஐயே ரெண்டு சின்னத் தொட்டியா பிரிச்சு, நடுவுல வால்வு போட்டு, ஆக்சிலுக்கு மேல வர்ற மாதிரி கட்டிக்குங்க.

முதல்ல செலவைக் குறைங்க. உங்க மெஷின் நிமிஷத்துக்கு எத்தன லிட்டர்? 10 லிட்டர்னா ட்ரிக்கர அமுக்குன நேரம் 6 நிமிஷத்துக்குள்ள முடிச்சா ஒரு காருக்கு 60 லிட்டர், 500ல எட்டு கார் வரும். ஃபோம் போட்டு ஊறட்டும்னு விட்டீங்கன்னா அடிக்கற நேரம் தானா குறையும். சும்மா தூசி மட்டும் படிஞ்ச வண்டின்னா ரின்ஸ்லெஸ் ஷாம்பு (போட்டுத் துடைச்சா போதும், அலச வேண்டியதில்ல), ஒரு பக்கெட், நாலஞ்சு மைக்ரோஃபைபர் துணி, சோலி முடிஞ்சுது. சேறு இருந்தா மட்டும் அத செய்யாதீங்க, பெயிண்ட்ல கீறல் விழுந்துரும்.

தென்னந்தோப்பு
கனால் யோசனையே விட்ருங்க தம்பி. ஆழியாத்துத் தண்ணி மணக்கடவு வழியா வருசத்துக்கு 7.25 டிஎம்சி சித்தூர்ப்புழைக்கு விடோணும்னு ஒப்பந்தம், அதையே எப்ப விடறது எவ்வளவு விடறதுன்னு வருசா வருசம் ரெண்டு ஸ்டேட்டும் மல்லுக்கட்டறாங்க. கடைமடைக்காரன் முறைத் தண்ணிக்கு ராத்திரி முழிச்சிருக்கான், நீங்க கார் கழுவ மோட்டார் இறக்குனா இரிகேஷன்காரங்க வர்றதுக்கு முன்னாடி அவன் வருவான்.

பஞ்சாயத்து குழாயும் அதேதான். பிளாச்சிமடை நமக்கு பக்கத்துல, நிலத்தடித் தண்ணிக்காக 2002ல சனங்க போராட்டத்துல உக்காந்து 2004ல கோக் பிளாண்ட்டு மூடுன ஊரு. குடிக்கற தண்ணிய தொழிலுக்கு எடுக்கறான்னு ஒரு பேச்சு கிளம்புனா உங்க வண்டி அந்தப் பக்கம் போக முடியாது.

கிணறு இருக்கற தோப்புக்காரங்க ரெண்டு மூணு பேர ரூட்டுல புடிச்சு மாசக் கணக்கு பேசுங்க. ஆனா விவசாய சர்வீஸ் மோட்டார்ல மட்டும் புடிக்காதீங்க, அந்தக் கரண்ட்டு விவசாயத்துக்கு மட்டும்தான், வேற சோலிக்கு ஓடுதுன்னு தெரிஞ்சா ஆபத்து தோப்புக்காரருக்கு. உங்க ஜெனரேட்டர்ல ஓடற சின்ன பம்ப் ஒண்ணு வெச்சுக்குங்க.

வாளையார் வண்டி
அண்ணா சொன்னதோட இதையும் சேத்துக்குங்க: புக்கிங் எடுக்கறப்பவே கேட்ருங்க, அவங்க தண்ணின்னா ஒரு ரேட்டு, நம்ம தண்ணின்னா ஒரு ரேட்டு. பாதிப் பேர் அவங்க தண்ணியே குடுத்தர்றாங்க. குழாய்ல இருந்து நேரா மெஷினுக்கு குடுக்காதீங்க, அழுத்தம் கம்மியான வீட்டுல பம்ப் காத்த இழுத்து சீல் போயிரும். தொட்டில விட்டு, ஃபில்டர் போட்டு, அங்கிருந்து எடுங்க.

பாறை வாஷ்
ரொம்ப நன்றிங்க. வெள்ளைத் திட்டுக்கு என்ன பண்றது? தண்ணில கரைஞ்ச உப்ப அளக்கற டிடிஎஸ் மீட்டர் வாங்கி பாத்தேன், எங்க போர் 1100 காட்டுது. சாஃப்ட்னர் போட்டா இறங்குமா? அப்பறம் பார்டர் தாண்டறதுக்கு பெர்மிட் ஏதாவது வேணுமா, ஒருத்தர் பயமுறுத்தறாரு.

பொள்ளாச்சி டீடெயிலர்
சாஃப்ட்னர் போட்டா மீட்டர்ல நம்பர் இறங்காதுங்க, கால்சியத்துக்கு பதிலா சோடியம் வரும், அவ்வளவுதான். ஆனா திட்டு பெயிண்ட்ல கடிச்சுப் புடிக்காது, ஈரத்துணில துடைச்சா போயிரும். மீட்டர நம்பாம ஹார்ட்னஸ் (தண்ணியோட கடினத்தன்மை) பாக்கற சொட்டு கிட் ஒண்ணு வாங்குங்க. 500 ஹார்ட்னஸ்னா சாஃப்ட்னருக்குள்ள இருக்கற ரெசின் மணி 25 லிட்டர் இருந்தா ஏறக்குறைய 2000 லிட்டர் ஓடும், அப்பறம் உப்புக் கரைசல் விட்டு திரும்ப சரி பண்ணிக்கலாம். சாஃப்ட்னர் வீட்டுலயே இருக்கட்டும், வண்டில ஏத்தாதீங்க.

சோலார் பேனலுக்கு இது பத்தாது. கடைசி அலசல் மட்டும் ஆர்ஓ தண்ணி, இல்லாட்டி கூரைல புடிச்ச மழைத்தண்ணி, தோள்ல மாட்டற ஸ்ப்ரேயர்ல அடிங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி முடிச்சர்ணும், சூடான கண்ணாடில பச்சத்தண்ணி பட்டா விரிசல் விடலாம். காரும் நிழல்ல நிறுத்திக் கழுவுங்க, நம்ம பாலக்காட்டுக் கணவாய்க் காத்துக்கு துடைக்கறதுக்குள்ள காஞ்சுரும்.

வாளையார் வண்டி
பெர்மிட் பத்தி: மொத்த எடை 3000 கிலோவுக்குள்ள இருக்கற சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லன்னு மோட்டார் வாகனச் சட்டம் 66லயே இருக்குது, ஏஸ் அதுக்குள்ள வந்துரும். இன்சூரன்ஸ், எஃப்சி, புகை சர்ட்டிஃபிகேட் கையில வெச்சுக்குங்க. ஓவர்லோடுதான் புடிப்பாங்க, அதுக்கும் சேத்துத்தான் 1000 லிட்டர் வேண்டாங்கறது.

பாறை வாஷ்
அப்ப தொட்டிக்கு வெச்ச காசுல சாஃப்ட்னர் வாங்கிடறேன். எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் பக்கம் கிணறு இருக்கறவங்க யாராவது மாசக் கணக்குக்கு சம்மதம்னா இங்கயே சொல்லுங்க, வந்து பேசறேன்.