உதவி: ஒரே கதை, இரண்டு பிரதி, வரிகள் பொருந்தவில்லை (சனிக்கிழமைக்குள் வேண்டும்)

வாசிப்புவட்டம்_ஈரோடு
வணக்கம், அவசரம். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் புத்தகத்தில் எங்களிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. கதை ஒன்றுதான். நான் ஒன்றை வைத்து வாசிக்கிறேன், பிள்ளைகள் இன்னொன்றை வைத்துக்கொண்டு வரி பார்க்கிறார்கள். பாதியில் "அக்கா, இங்கே அப்படி இல்லை" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்று போலியா? எதை ஓரங்கட்டுவது? மீதிக் கதை சனிக்கிழமை.

பழையபேப்பர்
எந்தப் புத்தகம்?

தஞ்சை_சைக்கிள்
தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு. நான்கில் ஒன்றாவது சொன்னால்தானே பதில் சொல்ல முடியும்? எந்த வரி பொருந்தவில்லை என்பதும் இல்லை.

நடைபாதைக்கடை
போலிதான். விலை குறைவாக வாங்கியது எதுவோ, அது. தாளைத் தடவிப் பாருங்கள், பின்பக்க எழுத்து தெரியும்.

வாசிப்புவட்டம்_ஈரோடு
பழைய காலத்து விமானக் கதைங்க. இரட்டை இறக்கை விமானம். ஆங்கிலப் புத்தகம், நான் தமிழில் சொல்லிக்கொண்டே வாசிப்பேன். இரண்டுமே பழைய புத்தகக் கடையில் வாங்கியவை.

இறக்கை1910
சிறுவர் கதை, விமானம், பழையது. சந்தேகமே வேண்டாம், டாம் ஸ்விஃப்ட். அவன் 1910-லேயே ஆகாயக் கப்பல் கட்டிவிட்டான், வாயுப் பையும் விமான இறக்கையும் சேர்ந்த கலவை. அட்டையில் விக்டர் ஆப்பிள்டன் என்று இருக்கும். அப்படி ஓர் ஆளே கிடையாது. அமெரிக்காவில் ஸ்ட்ராட்மேயர் என்பவரின் நிறுவனம் கூலிக்கு எழுத்தாளர்களை வைத்து எழுதி வாங்கி, அந்தப் பெயரில் விற்றது. அதே நிறுவனம் 1959 முதல் ஹார்டி பாய்ஸ், நான்சி ட்ரூ என்ற துப்பறியும் வரிசைகளின் பழைய கதைகளைத் திருத்தி எழுதி, அதே தலைப்பில் வெளியிட்டது. உங்கள் குழப்பமும் அதுதான்.

தஞ்சை_சைக்கிள்
திருத்தியது ஹார்டி பாய்ஸை. டாம் ஸ்விஃப்டுக்கு 1954-ல் அவன் மகனை வைத்துத் தனி வரிசையே தொடங்கினார்கள். பழையதைத் திருத்தவில்லை. பொருந்தாதே.

மல்லிகைப்பந்தல்
கதாநாயகி பெண்ணா? அப்படியானால் 1911-ல் வந்த 'தி ஃப்ளையிங் கேர்ள்' ஆக இருக்கலாம். அண்ணன் செய்த விமானத்தைத் தங்கை ஒரிஸா கேன் ஓட்டுவாள். அட்டையில் எடித் வான் டைன் என்று பெண் பெயர் இருக்கும், எழுதியவர் 'ஆஸ்' நாட்டு மந்திரவாதி கதை எழுதிய எல். ஃப்ராங்க் பாம். பெண்கள் விமானம் ஓட்டத் தொடங்கிய அந்த நேரத்திலேயே வந்த புத்தகம் அது, யாரும் இப்போது பேசுவதே இல்லை.

வாசிப்புவட்டம்_ஈரோடு
பெண் இல்லை, டாமும் இல்லை. பிகிள்ஸ், முதல் உலகப் போர் காலத்துப் பிரிட்டிஷ் விமானியின் கதை. எதிரியின் பலூனை யார் முதலில் சுடுவது என்று இரண்டு படைப்பிரிவுகளுக்குப் பந்தயம். ஒரு பிரதியில் பரிசு ஒரு பெட்டி விஸ்கி, இன்னொன்றில் ஒரு பெட்டி லெமனேட். அங்கேதான் பிள்ளைகள் கத்தினார்கள். இன்னொன்று, பலூனைச் சுடுவதில் என்ன பெரிய வீரம் என்று ஒரு பையன் கேட்கிறான். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பழையபேப்பர்
விஸ்கியை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஏட்டுச்சுரைக்காய் (மூத்த உறுப்பினர்)
இந்தக் குழுவில் தேடும் வசதி என்று ஒன்று இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. போகட்டும், அடிப்படையிலிருந்தே சொல்கிறேன். இரண்டு பிரதியும் அசல். டபிள்யூ. ஈ. ஜான்ஸ் 1932-ல் தாம் ஆசிரியராக இருந்த 'பாப்புலர் ஃப்ளையிங்' பத்திரிகையில் பிகிள்ஸைத் தொடங்கினார். அது விமானப் பிரியர்களுக்கான பத்திரிகை, சிறுவர் இதழ் அல்ல. அதனால் அந்தக் கதைகளில் ஆட்கள் குடிப்பார்கள், சாவார்கள், பிகிள்ஸ் ஒரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுப்பான், அவள் ஜெர்மன் உளவாளியாக இருப்பாள். அதே ஆண்டு புத்தகமும் வந்தது. பிறகு பையன்கள்தான் பெரும் வாசகர்கள் என்று தெரிந்தது. 1950-களின் மறுபதிப்பில் விஸ்கி லெமனேட் ஆனது. உங்களுடைய விஸ்கி பிரதியில் இருப்பது முதலில் எழுதிய வடிவம். நடைபாதைக்கடை தாளைத் தடவிக்கொண்டே இருக்கட்டும்.

அட்டையில் இருக்கும் 'கேப்டன்' பட்டத்தையும் நம்ப வேண்டாம். ஜான்ஸ் விமானப்படையிலிருந்து, அதைவிடக் கீழ்ப் பதவியான ஃப்ளையிங் ஆபீசராகத்தான் வெளியே வந்தார்.

நடைபாதைக்கடை
ஐயா பெரியவர், சரி. நாங்களும் நாலு புத்தகம் படித்தவர்கள்தான்.

தஞ்சை_சைக்கிள்
பலூன் விஷயத்துக்கு வருகிறேன், பையன் கேட்டது நல்ல கேள்வி. அது ஹைட்ரஜன் நிரப்பி, கம்பி வடத்தால் தரையோடு கட்டிய பெரிய பலூன். கீழே கூடையில் தொலைநோக்கியோடு ஓர் ஆள். பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது, இன்னும் எவ்வளவு தள்ளிச் சுட வேண்டும் என்று தொலைபேசியில் தரைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த ஒரு ஆளால் பதுங்குகுழியில் இருப்பவர்களுக்குச் சாவு. ஆகவே அதை விழுத்தியே ஆக வேண்டும்.

ஆனால் பலூன் நிற்கும் உயரம் கீழே இருப்பவர்களுக்கு முன்பே தெரியும். சுற்றிலும் உள்ள பீரங்கிகள் அந்த உயரத்துக்கே குறி வைத்துக் காத்திருக்கும். விமானம் கண்ணில் பட்டதும் வடம் சுற்றும் எந்திரமான வின்ச்சை வைத்து விறுவிறுவென்று கீழே இழுப்பார்கள். துரத்திக்கொண்டு தாழப் போனால் எந்திரத் துப்பாக்கி எட்டும் தூரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். சாதாரண துப்பாக்கி ரவை பலூனில் ஓட்டை போட்டுவிட்டுப் போய்விடும், தீப்பிடிக்க வைக்கத் தனி ரவை வேண்டும். இதில் கொடுமை, கூடையில் இருந்தவருக்குப் பாராசூட் இருந்தது, பிரிட்டிஷ் விமானிக்கு இல்லை.

பெல்ஜியத்தின் வில்லி கோப்பன்ஸ் இப்படி 30-க்கு மேல் பலூன்களை வீழ்த்தினார். 1918 அக்டோபரில் ஒரு பலூனைத் தாக்கும்போதுதான் அடிபட்டு ஒரு காலை இழந்தார். அமெரிக்கர் ஃபிராங்க் லூக் அதற்கு முந்தைய மாதம், பலூன்களைச் சுட்டுவிட்டுத் திரும்பாமலே போனார். இதைச் சொல்லுங்கள், பையன் வாயைத் திறக்க மாட்டான்.

மல்லிகைப்பந்தல்
இவ்வளவுக்கும் பரிசு லெமனேட்டா! கோலி சோடாவுக்கு உயிரைக் கொடுக்க எவன் போவான்? திருத்தியவர்கள் கதையையே கெடுத்துவிட்டார்கள்.

பழையபேப்பர்
பத்து வயதுப் பிள்ளைகளுக்கு விஸ்கிப் பெட்டிக்காக ஏங்கும் கதாநாயகனைக் காட்ட வேண்டுமா? மாற்றியது சரிதான்.

மல்லிகைப்பந்தல்
அதே கதையில் மனிதர்கள் எரிந்து விழுகிறார்கள். அதை மாற்றவில்லை, குப்பியை மட்டும் மாற்றினார்கள். எரிவது பரவாயில்லை, குடிப்பதுதான் கெடுதலா?

சிங்காநல்லூர்_மெக்கானிக்
நடுவில் வருகிறேன். பிகிள்ஸ் ஓட்டுவது சாப்வித் கேமல் என்ற ஒருவர் அமரும் போர் விமானம். அதன் ரோட்டரி இஞ்சினில் சிலிண்டர்கள் எல்லாம் விசிறியோடு சேர்ந்தே சுற்றும். த்ராட்டில் கிடையாது. இறங்கும்போது கைப்பிடியில் உள்ள பொத்தானை அமுக்கி அமுக்கிப் பற்றவைப்பை வெட்டித்தான் வேகம் குறைப்பார்கள். வாசிக்கும்போது பிள்ளைகளுக்கு அந்தச் சத்தத்தை விட்டு விட்டுச் செய்து காட்டுங்கள்.

இறக்கை1910
கிடையவே கிடையாது என்று சொல்லாதீர்கள். காற்றுக்கும் பெட்ரோலுக்கும் கைப்பிடிகள் இருந்தன. ஓரளவு குறைக்க முடியும்.

சிங்காநல்லூர்_மெக்கானிக்
அது கலவையைச் சரிசெய்ய. கார் ஆக்ஸிலரேட்டர் மாதிரி நினைத்த அளவுக்கு ஏற்றி இறக்க முடியாது. நான் சொன்னதும் அதுதான்.

இறக்கை1910
நீங்கள் சொன்னது "கிடையாது".

சிங்காநல்லூர்_மெக்கானிக்
சரி, பெயருக்கு இருந்தது. போதுமா? இஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெய் விளக்கெண்ணெய் என்பதாவது ஒத்துக்கொள்வீர்களா? பெட்ரோல் கலவை கிராங்க் அறை வழியாகத்தான் போகும். சாதாரண எண்ணெய் பெட்ரோலோடு கரைந்துவிடும், விளக்கெண்ணெய் லேசில் கரையாது. ஒரு முறை போன எண்ணெய் திரும்பி வராது, புகையாக விமானி முகத்திலேயே அடிக்கும்.

நடைபாதைக்கடை
அப்படியானால் தினமும் வயிறு சுத்தம். பரிசாக லெமனேட் கொடுத்தது நியாயம்தான், தண்ணீர்ச் சத்து வேண்டுமே.

ஏட்டுச்சுரைக்காய் (மூத்த உறுப்பினர்)
தலைப்பை விட்டு வெகுதூரம் போய்விட்டோம். தகவலுக்காக: ஜான்ஸ் போரில் ஓட்டியது கேமல் அல்ல, டிஎச்4 என்ற இருவர் அமரும் குண்டுவீச்சு விமானம். 1918 செப்டம்பரில் சுட்டு வீழ்த்தப்பட்டு ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தார். எனவே கேமல் பற்றி அவர் எழுதியதையெல்லாம் வேதவாக்காக எடுக்க வேண்டியதில்லை.

சிங்காநல்லூர்_மெக்கானிக்
நான் அவர் கதையை வைத்துப் பேசவே இல்லையே சார். இஞ்சினைப் பற்றித்தான் பேசுகிறேன்.

தஞ்சை_சைக்கிள்
ஈரோடு அக்கா, இதையெல்லாம் விடுங்கள். இரண்டு பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும் கதைக்கு மட்டும் ஒரே பிரதியிலிருந்து நகல் எடுத்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் சத்தம் வராது. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் என்ன ஆண்டு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வாசிப்புவட்டம்_ஈரோடு
வாசித்து முடித்தாயிற்று, எல்லாருக்கும் நன்றி. பலூன் விளக்கம் நன்றாக எடுபட்டது. விமானிக்கு ஏன் பாராசூட் கொடுக்கவில்லை என்று இப்போது கேட்கிறார்கள். அடுத்த வாரம் வருகிறேன்.

மல்லிகைப்பந்தல்
எதை வாசித்தீர்கள்? விஸ்கியா, லெமனேட்டா?

பழையபேப்பர்
அக்கா?

இறக்கை1910
ஆண்டையும் சொல்லவில்லை. எனக்கு இன்னமும் டாம் ஸ்விஃப்ட் மேல் ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது.