‘செல்ஃப் லீடர்ஷிப்’: தன்மேலாண்மையிலிருந்து பிரித்துக் காட்டும் சொல் வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பணிமுன்னேற்றக் கையேட்டுக்காக ‘செல்ஃப் லீடர்ஷிப்’ (self-leadership) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்கப்பட்டது. அதற்குச் சுயதலைமை, தற்றலைமை, தன்னாளுமை என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. சொல்லைத் தேர்வதற்கு முன் கருத்தின் எல்லையைப் பார்க்க வேண்டும். அமெரிக்க மேலாண்மை அறிஞர் சார்லஸ் மான்ஸ் இக்கருத்தை 1983-இல் நூலாகவும் 1986-இல் விரிவான ஆய்வுக் கட்டுரையாகவும் முன்வைத்தபோது, ஏற்கெனவே வழக்கிலிருந்த தன்மேலாண்மையிலிருந்து அதைத் தெளிவாகப் பிரித்தார். பிறர் வகுத்த இலக்கை எவருடைய மேற்பார்வையும் இன்றி எவ்வாறு எட்டுவது என்பது தன்மேலாண்மை. அந்த இலக்கு தகுந்ததுதானா, எதை, ஏன் செய்ய வேண்டும் என்பதையும் தாமே ஆராய்ந்து ஒருவர் தம்மைச் செலுத்திக்கொள்வது நாம் பெயர் தேடும் கருத்து.

கணக்குப் பிரிவு உதவியாளர் ஒருவர் அலுவலக ஏட்டையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டு வேறுபாடுகளைக் காட்டும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலை மாதந்தோறும் எவரும் கேட்பதற்கு முன்பே முடித்து வைத்தால், அவரிடம் தன்மேலாண்மை இருக்கிறது. ஒரே வகை வேறுபாடு மாதந்தோறும் தலைகாட்டுவதைக் கவனித்து, காசோலையை ஏட்டில் பதியும் நாளுக்கும் வங்கியில் செலுத்தும் நாளுக்கும் இடையிலுள்ள தாமதமே காரணம் எனக் கண்டறிந்து, வேலைமுறையை மாற்றும்படி மேலாளரிடம் எழுத்தில் முன்வைப்பாரானால், அவர் அடுத்த படிக்குச் சென்றுவிட்டார். பதவி உயர்வு நேர்காணலில் சுட்டிக்காட்ட அவர் கையில் ஒரு செயலும் இருக்கிறது.

அவருக்குக் கீழே ஒருவரும் பணிபுரியவில்லை என்பதே இங்கு முக்கியம். தமிழில் தலைமை என்றதும் தலைமையாசிரியர், தலைமைக் காவலர் எனப் பதவியே முன்வந்து நிற்கிறது. ஆகவே சுயதலைமை என்பதில் என் மறுப்பு ‘தலைமை’ மீதே, ‘சுய’ என்பதன்மீது அன்று. சுயதொழில், சுயமரியாதை என அது வேரூன்றிய சொல். தற்றலைமை இலக்கணப்படி சரியே, ஆனால் அதிலும் அதே தலைமைதான் உள்ளது. ஆளுமையோ உளவியலில் வேறு பொருளுக்கு நிலைத்துவிட்டது. எனவே ‘தன்வழிநடத்தல்’ என்பதை முன்மொழிகிறேன்.

* * *

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் பிரித்துக் காட்டிய எல்லையை முழுமையாக ஏற்கிறேன். ‘தன்வழிநடத்தல்’ என்ற சொல்லில் மட்டும் ஓர் இடர் உள்ளது. ‘நடத்தல்’ என்பதை ‘நடத்து’ என்பதன் தொழிற்பெயராகத் தாங்கள் கொள்கிறீர்கள், ஆனால் ‘நட’ என்பதன் தொழிற்பெயரும் அதே வடிவந்தான். இதனால் ‘தன் வழியே நடத்தல்’, அதாவது எவர் சொல்லையும் கேளாமல் போவது, என்று மாணவர் படித்துவிடக்கூடும். ஒரு பணியாளரைப் பற்றி அப்படி எழுதினால் அது குற்றச்சாட்டாகிவிடும்.

இலங்கையில் நாடகத்தையும் திரைப்படத்தையும் இயக்குவதை நெறியாள்கை என்கிறோம். நடிப்பவரைக் குறித்த திசையில் செலுத்தும் பொறுப்பு அச்சொல்லில் உண்டு, பதவிப் பெருமை குறைவு. ‘தன்னெறியாள்கை’ என்றால் தன்னெறியாளர் என வினைமுதற்பெயரும் இயல்பாகப் பிறக்கும். இத்திறனை அளக்க ஆய்வாளர்கள் ஹௌட்டனும் நெக்கும் 2002-இல் திருத்தி வெளியிட்ட 35 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்து 9 உட்பிரிவுகளாகப் பிரிகிறது. அவை ஒவ்வொன்றுக்கும் பெயரிட வேண்டியிருப்பதால், கிளைச்சொற்களுக்கு இடம் தரும் அடிச்சொல் அவசியம். இலக்கைத் தானே வகுத்தல், தன்னைக் கவனித்தல், தனக்குத்தானே பேசிக்கொள்ளும் பேச்சைச் சீர்செய்தல், வேலைக்குள்ளேயே நிறைவு தரும் கூறுகளைத் தேடுதல் ஆகியவை பயிற்சியால் வளர்பவை என்பதால், ‘தன்னெறியாள்கைத் திறன்’ என்ற தொடர் கையேட்டில் அடிக்கடி வரும். அங்கும் அது நெருடாது.

முகாமைத்துவம் என்று எழுதும் எங்களுக்கும் மேலாண்மை என்று எழுதும் தங்களுக்கும் பொதுவாக, கையேட்டில் இச்சொல்லுக்கான பதிவைப் பின்வருமாறு அமைக்கலாம்:

தன்னெறியாள்கை: செய்ய வேண்டியது எது, ஏன் என்பதை ஒருவர் தாமே தெளிந்து, அதை நோக்கித் தம் நடத்தையையும் எண்ணத்தையும் செலுத்துதல். ஒப்பிடுக: தன்மேலாண்மை, தன்முகாமைத்துவம்.