ஆமை வண்டின் தங்க நிறம் படத்தில் வரவில்லை

வணக்கம். மதுரையில் எங்கள் மாடித் தோட்டத்துச் சர்க்கரைவள்ளிக் கொடியில் ஐப்பசி மழைக்கு அப்புறம் ஆமை வண்டுகள் நிறைய வந்திருக்கின்றன. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய பூச்சி. ஓட்டின் விளிம்பு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், நடுவில் தகதகவென்று தங்கம். எடுக்கும் படத்தில் அந்தத் தங்கம் மட்டும் காணோம். முதுகில் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு ஒரு வெள்ளைப் பொட்டு, மற்ற இடமெல்லாம் மங்கிய பழுப்பு.

கேமரா கேனான் 200டி, 100 மி.மீ. மேக்ரோ (மிக அருகில் எடுக்கும்) லென்ஸ், மேலே பொருத்தும் ஃபிளாஷ். லென்ஸ் திறப்பு எஃப்/11, ஷட்டர் 1/200 நொடி, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 200.

ஃபிளாஷுக்கு முன்னால் டிரேசிங் பேப்பர் கட்டிப் பார்த்தேன், பொட்டு பெரிதானதுதான் மிச்சம். லென்ஸில் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) போட்டால் பளபளப்போடு தங்கமும் போய்விடுகிறது. காலை வெயிலில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் நிறம் ஓரளவு வருகிறது, ஆனால் ஷட்டர் 1/60க்கு இறங்கிவிடுவதால் காற்றில் இலை ஆடி எல்லாம் கலங்கல். டிரைபாட் இதற்கு உதவவில்லை.

இலையோடு பறித்து உள்ளே கொண்டுவரச் சொல்லாதீர்கள். சீண்டினாலே அந்த நிறம் மங்கிவிடுகிறது, விட்டுவிட்டால்தான் திரும்புகிறது. அசையாமல் இருக்க ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்வித்து எடுப்பதும் எனக்கு வேண்டாம்.

இப்படிப் பளபளக்கும் வண்டுகளைச் செடியிலேயே வைத்து எடுத்தவர்கள் சொல்லுங்கள்: வெள்ளைப் பொட்டு விழாமல் தங்க நிறம் கிடைக்க, ஃபிளாஷை எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில், எதை மறைப்பாக வைத்து அடிக்க வேண்டும்?