வாள் குஞ்சம் எதற்குத்தான்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஏரிக்கரை:

பத்து வருஷம் தாண்டிவிட்டது, ஆனாலும் சீன வாளின் பிடியில் தொங்கும் குஞ்சம் எதற்கு என்பது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வூஹானில் மருத்துவம் படித்தேன். ஹாஸ்டலிலிருந்து கிழக்கு ஏரிக்கு நடந்தே போகலாம். காலை ஆறு மணிக்கு அங்கே தாய்ச்சி என்கிற, மெல்ல அசைந்து செய்யும் சீனக் கலையில் வாள் பழகும் கோஷ்டி ஒன்று கூடும், எல்லாம் ஓய்வுபெற்ற அம்மாக்கள், பாதிப் பேர் பஸ்ஸில் வருகிறவர்கள் என்பதால் குடைக்கம்பி மாதிரி இழுத்து நீட்டுகிற மடக்கு வாள்தான் கையில். ஆடுவது அதே 32 அசைவு வரிசை, 1957-ல் அரசு விளையாட்டு ஆணையம் போட்டுக் கொடுத்தது, இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நானும் ஒரு வாள் வாங்கிக்கொண்டு, சிவப்புக் குஞ்சம் தொங்க, கடைசி வரிசையில் நின்றேன். மூன்றாவது வாரம். வாளைத் தலைக்கு மேல் கொண்டுபோய்ச் சுற்றி இறக்கும் இடத்தில் குஞ்சம் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி, நுனி விரல் இடுக்கில் வந்து மாட்டிக்கொண்டது. லாவ்ஷி, அதாவது ஆசிரியை, எழுபது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு, பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு "துவான் லெ" என்றார். அறுந்துவிட்டது என்று அர்த்தம். நான் முடிச்சைப் பார்க்கிறேன், குஞ்சத்தில் கோத்த மணியைப் பார்க்கிறேன், நூலைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன், ஒரு இழைகூட அறவில்லை. "அறவில்லையே" என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சீனத்தில் சொன்னேன். வரிசை முழுக்கச் சிரிப்பு. அவர் என் இடுப்பில் ஒரு தட்டு, தோளில் ஒரு தட்டு தட்டி, மறுபடியும் "துவான் லெ". அறுந்தது என் அசைவு. இடுப்பு நின்ற பிறகும் கை தனியாகப் போயிருக்கிறது, குஞ்சம் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அப்படியென்றால் இது மாணவனைக் கண்காணிக்கக் கட்டியதா? அவரிடமே கேட்டேன். ஒருநாள் "பார்க்க நன்றாக இருக்கிறது" என்றார், இன்னொரு நாள் "எதிரியின் கண்ணைக் குழப்ப" என்றார். அந்த ஏரிக்குப் பக்கத்திலேயே மாகாண அருங்காட்சியகம், அதில் யுவே நாட்டு மன்னன் கோ ஜியானின் வாள் இருக்கிறது, 1965-ல் கல்லறையிலிருந்து எடுத்தது, ஏறக்குறைய 56 செ.மீ., இன்னும் கூர் போகவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். குஞ்சம் இல்லை. இருந்திருந்தாலும் துணி இரண்டாயிரம் வருஷம் தாங்குமா என்பது வேறு விஷயம்.

உங்களுக்கு யார் என்ன சொன்னார்கள்?

ஈப்போ மாரி:

அழகுக்கு என்று சொல்கிறவர்கள் அதை வாயில் வாங்கியிருக்க மாட்டார்கள். நான் வாங்கியிருக்கிறேன். பள்ளிக்கூட ஹாலில் சிங்க நடனக் குழுவோடு சேர்ந்து பயிற்சி, என் பக்கத்தில் நீளக் குஞ்ச வாள் பழகும் பெண், குஞ்சமே ஒரு மீட்டர் இருக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். முதலில் என் கண் முன்னால் முழுக்கச் சிவப்பு, வாள் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, அரை நொடிதான் இருக்கும், அடுத்து குஞ்சத்தின் மேல் கோத்திருந்த மணி 'டக்' என்று உதட்டில். இரண்டு நாள் இட்லிதான்.

சிஃபூ, எங்கள் ஆசான், ரத்தத்தைப் பார்த்துவிட்டுப் பதறவில்லை. "இப்போது புரிந்ததா எதற்கென்று?" என்றார், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் குஞ்சத்துக்குள் மெல்லிய கம்பி வைத்துப் பின்னுவார்கள், முகத்தைக் கிழித்துவிடும் என்றும் சொன்னார். ஈட்டியில் கட்டும் சிவப்புக் குதிரைமயிர்க் குஞ்சமும் அதே வேலைக்குத்தானே, நுனி எங்கே என்று எதிரிக்குத் தெரியக்கூடாது, ரத்தமும் கம்பில் வழிந்து பிடி வழுக்கக்கூடாது. ஆக, ஆயுதம்தான். என் உதடு சாட்சி.

தராசு:

மாரி அண்ணே, உங்கள் உதட்டுக்கு மரியாதை. ஆனால் உங்களை அடித்தது பக்கத்தில் நின்றவர், எதிரில் நின்றவர் இல்லை. கம்பி வைத்துப் பின்னிய கதை எல்லா சிஃபூவும் சொல்வது, அப்படி ஒரு குஞ்சத்தைக் கையில் பிடித்த ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. ஈட்டிக் குஞ்சம் கூர்முனையின் கழுத்தில் இருக்கிறது, எதிரியின் மூக்குக்கு முன்னால் ஆடும். வாள் குஞ்சம் பிடியின் அடியில், என் மணிக்கட்டுக்குக் கீழே தொங்குகிறது. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் எப்படி?

சிங்கப்பூரில் நாலைந்து பேர் முகமூடி, கையுறை எல்லாம் போட்டு மொட்டை வாளில் மோதிப் பார்ப்போம். ஒருமுறை குஞ்சத்தோடு இறங்கினேன். எதிரில் நின்றவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, என் தோளையும் வாள் நுனியையும்தான் பார்த்தார். மூன்றாவது மோதலில் குஞ்சம் என் உள்ளங்கைக்கும் பிடிக்கும் நடுவில் புகுந்து, பிடி சோப்புக்கட்டி மாதிரி திரும்பிவிட்டது. அடி வாங்கினேன். குழம்பியது நான்தான்.

வாளின் எடையைச் சமன் செய்யத்தான் குஞ்சம் என்று இன்னொரு கூட்டம் சொல்லும். வீட்டுச் சமையல் தராசில் போட்டுப் பார்த்தேன், குஞ்சம் 38 கிராம், வாள் 760. அது ஆடும்போது சமன் எங்கே வரும், தொல்லைதான் வரும்.

சரி, இதைப் படித்துவிட்டு யாராவது வாள் வாங்கக் கிளம்புவீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். முதலில் நீளம். இடது கையில் தலைகீழாகப் பிடித்துக் கையோடு சேர்த்து நிறுத்தினால் நுனி காதின் மேல் விளிம்பு வரை வரவேண்டும், அதற்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். ஆட்டினால் தகரம் மாதிரி கலகலக்கும் மெல்லிய வாள் மேடைக்குச் செய்தது, அதை வைத்து எதையும் தட்டாதீர்கள். பிடியின் முடிவில் இருக்கும் அடிக்குமிழைத் திருகிப் பாருங்கள், ஆடினால் உள்ளே நட்டு தளர்ந்திருக்கிறது, பிடி ஒருநாள் கையில் நிற்கும், வாள் போய்விடும். ஜெஜியாங்கில் லுங்சுவான் என்கிற ஊர்தான் வாளுக்குப் பேர்போனது, அதனாலேயே சந்தையில் பாதி வாளில் அந்தப் பெயரைப் பொறித்திருப்பார்கள், எழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது, அனுப்பிவைக்கும் பெட்டியில் வைத்தாலும் இறங்கும் நாட்டுச் சட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிவப்புக் குஞ்சத்தை வெள்ளைச் சட்டையோடு துவைக்காதீர்கள். குஞ்சத்தை ஈரமாகவே வாளோடு உறைக்குள் செருகாதீர்கள், துரு பிடித்தால் என்னைக் கேட்கக்கூடாது.

பந்தல் வீட்டுப் பெண்:

வாள் வாங்க யாரும் இங்கே ஆலோசனை கேட்கவில்லையே தம்பி :)

பினாங்கில் சீனக் கணக்கில் ஏழாம் மாதம் வந்தால் கோயில் முன்னால் பந்தல் மேடை போட்டு தியோச்சூ என்கிற சீனப் பாட்டு நாடகம் நடக்கும். அப்பா மேடைக்கு லைட் கட்டுகிறவர், நான் சின்னப் பெண், அவரோடு போய் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். ஒருநாள் மழை. கதாநாயகி வேஷம் பாதி போட்ட முகத்தோடு, ஒரு கன்னம் சிவப்பு, ஒரு கன்னம் வெள்ளை, ஸ்டூலில் உட்கார்ந்து வாள் குஞ்சத்தை மடியில் வைத்திருந்தார். மழையில் நனைந்து காய்ந்ததால் நூலெல்லாம் சுருண்டு விளக்குமாறு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் தேநீருக்குக் கொதிக்கும் கெட்டில். குஞ்சத்தைத் தலைகீழாகப் பிடித்து கெட்டிலின் மூக்கில் வரும் ஆவியில் காட்டினார், விரலால் ஒருமுறை நீவினார், அப்புறம் தலை வாரும் அதே சீப்பால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. சுருட்டை எல்லாம் போய்ப் பட்டு மாதிரி விழுந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சீப்பை என்னிடம் நீட்டினார். இரண்டாவது வாளின் குஞ்சத்தை வாரியது நான்.

அன்றைக்கு மேடைக்கு முன்னால் போய்க் கடைசி வரிசையில் நின்று பார்த்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து வாள் ஒரு வெள்ளைக் கோடு, லைட் விழுந்தால் தெரியும், இல்லாவிட்டால் இல்லை. தெரிந்தது குஞ்சம்தான். வாள் முடிந்த இடத்திலிருந்து அது இன்னொரு வட்டம் போட்டு மெதுவாக அடங்கும். நீங்கள் எல்லாம் சண்டைக்கு, சண்டைக்கு என்கிறீர்கள், வாளை ஆடிப் பார்ப்பது சீனாவில் நேற்று வந்த பழக்கம் இல்லை. கொங்சுன் அம்மையின் வாளாட்டத்தைச் சின்ன வயதில் பார்த்த கவிஞர் தூ ஃபூ, கிழவரான பிறகு 767-ல் அந்த அம்மையின் மாணவி ஆடியதைப் பார்த்துவிட்டு ஒரு நீளக் கவிதையே எழுதியிருக்கிறார். பார்க்கிறவர்களுக்காகக் கட்டியது என்றால் அது என்ன குறைச்சலா?

காஞ்சியான்:

போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து போய்க் கற்றுக்கொடுத்த கலைதானே இதெல்லாம். நம்ம ஊர்த் தேர்க்குஞ்சத்தைப் பார்த்துத்தான் அவர்கள் கட்டியிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

பழைய இரும்பு:

யோசித்துப் பார்த்தேன், இல்லை. அவர் தென்னிந்தியர் என்பதற்காவது பழைய குறிப்பு ஒன்று உண்டு, பாரசீகத்துக்காரர் என்று சொல்லும் இன்னொரு பழைய குறிப்பும் உண்டு. ஷாவோலின் மடத்துக்கு அவர் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்பது 17ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒரு பயிற்சி நூலிலிருந்து கிளம்பியது. அவர் இறந்து ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கழித்து. குஞ்சத்தையாவது அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். ஹாங்காங்கில் வேலை பார்த்தபோது ஹாலிவுட் ரோடு பழம்பொருள் கடைகளில் சுற்றுவது என் ஞாயிற்றுக்கிழமை. ஒரு கடைக்காரர் சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் காலத்து வாள் ஒன்றைக் கையில் கொடுத்தார், குஞ்சம் கிடையாது, பிடியில் கயிறுகூட இல்லை, வெறும் மரம். பிடியைத் தடவும்போது விரல் நுனி ஒரு துளையில் விழுந்தது. பிடியின் குறுக்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை துளை, உள்ளே பித்தளைக் குழாய். அந்தக் குழாயின் விளிம்பு ஒரே ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழவழவென்று பள்ளமாக இருந்தது. கயிறு வருஷக்கணக்கில் ஒரே திசையில் இழுத்த தேய்மானம். கடைக்காரர் தன் சாவிக்கயிற்றைக் கழற்றி அதில் கோத்து, என் மணிக்கட்டில் மாட்டி, வாளைக் கீழே விடு என்றார். பயந்துகொண்டே விட்டேன். தரையைத் தொடவில்லை, என் கையிலேயே தொங்கியது.

அன்றிலிருந்து என் கணக்கு இதுதான்: முதலில் கயிறு, அதன் நுனி பிரியாமல் இருக்க ஒரு முடிச்சு, முடிச்சுக்குக் கீழே மிச்சம் விட்ட நூல்தான் குஞ்சம். சிங் பேரரசர் சியென்லுங்கின் அரண்மனை வாள்களின் படங்களைப் பாருங்கள், கயிறும் குஞ்சமும் பிடியிலிருந்துதான் தொங்கும், இப்போது கடையில் விற்பது மாதிரி அடிக்குமிழின் நுனியில் இல்லை. அடிக்குமிழுக்கு இறங்கிய பிறகு அது யாருடைய கையையும் காப்பாற்றாது, ஆட மட்டும்தான் செய்யும். குஞ்சம் இருந்தால் படித்தவன் வாள், இல்லாவிட்டால் படைவீரன் வாள் என்று ஒரு பிரிவு சொல்வார்களே, அந்தத் தேய்ந்த துளையைப் பார்த்த பிறகு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஈப்போ மாரி:

கயிறுதான் முதல் என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அரை நொடி சிவப்பை நான் பார்த்தேன், அதை யாரும் தராசில் போட முடியாது. தராசு தம்பி மோதும் இடத்தில் எல்லோரும் முகமூடி போட்டிருக்கிறார்கள், முகத்தில் எதுவும் படாது என்று தெரிந்தால் நானும்தான் தோளைப் பார்ப்பேன்.

தராசு:

முகமூடி விஷயம் நியாயம். அடுத்த வாரம் குஞ்சத்தைக் கட்டிக்கொண்டு முகத்துக்குக் குறிவைத்துப் பார்க்கிறேன், கண்ணாடி போட்டிருக்கிற ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வாள் இல்லாமல், வெறும் பிடியோடு. அவர் வீட்டம்மாவிடம் சொல்லவில்லை.

ஏரிக்கரை:

பழைய இரும்பு ஐயா, அந்தத் துளையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அலமாரியிலிருந்து என் வாளை எடுத்துப் பார்த்தேன். பிடியில் துளை இல்லை, அடிக்குமிழில் வளையம்தான். 2015-ல் சந்தையில் வாங்கியது வேறு எப்படி இருக்கும்.

குஞ்சத்தைக் காணோம். ஊருக்கு வந்த புதிதில் அம்மா பெட்டியைப் பிரித்தபோது அதைத் தூக்கிப் பிடித்து "யாருக்குடா சடைக்குஞ்சலம் வாங்கிட்டு வந்தே?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டது நினைவுக்கு வந்தது, அதனால் சடை கட்டும் சாமான்களில்தான் தேடினேன். மகளின் ரிப்பன் டப்பாவில் இருந்தது. பள்ளி ஆண்டு விழாவுக்குப் பின்னலில் கட்டியிருக்கிறாள், ஹேர்பின் குத்திய தடம், எண்ணெய், மினுமினுப்புத் தூள் எல்லாம் ஒட்டி, நூல் மொத்தமும் சுருண்டு கிடக்கிறது.

பந்தல் வீட்டு அக்கா, ஆவியில் எவ்வளவு நேரம் காட்டவேண்டும்? என்னுடையது பட்டு இல்லை, செயற்கை நூல் என்று நினைக்கிறேன், உருகிவிடாதே?

பந்தல் வீட்டுப் பெண்:

முதலில் ஷாம்பூ போட்டு எண்ணெயை எடுங்கள், ஈரத்தோடு ஆவியில் காட்டாதீர்கள். கெட்டில் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள், பத்துப் பத்து நொடியாக. அந்தக் கதாநாயகியுடையதும் பட்டு இல்லை. சீப்பு மட்டும் பல் அகலமானதாகப் பாருங்கள், மகளுடையதை எடுக்காதீர்கள்.